நான்காம் மணியின் தோல்

ஜனவரிக் கூட்டத்தில் கயிற்றை வைத்துத்தான் ஆரம்பித்தது.
சணலா, பாலியெஸ்டரா.
ஹெட்டி லக்ஸ்டன் சணல் என்றாள்.
"ஈரம் பட்டால் சுருங்கும், சிலரது அறிவு மாதிரி"
என்றார் ராய்ஸ்டன் யியோ.
எந்தச் சிலர் என்று சொல்லவில்லை.
ஆறு பேர். மூன்றுக்கு மூன்று.
பாதிரியார் வாக்களிக்காமல்
முட்டை சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பழைய கயிறு நீடித்தது.
பேச்சுதான் அறுந்தது.

செவ்வாய்தோறும் ஏழரை மணிக்கு ஆறு மணி.
கோட்டுகளை ஹீட்டர்மேல் எறிந்துவிட்டு
கோபுரத்துக்குள் வட்டமாக நிற்போம்.
முதல் கயிற்றைப் பிடித்து டாம்சின் சொல்வாள்:
பார்த்துக்கொள்ளுங்கள்.
போகிறாள்.
போய்விட்டாள்.
(டெவனில் மணிகள் எல்லாம் பெண்கள்,
அறுநூறு கிலோ எடையுள்ள ஆறாமவள் உட்பட.)

இதில் மெட்டு கிடையாது. எண்கள்தான்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு
இரண்டு ஒன்று நான்கு மூன்று ஆறு ஐந்து
இரண்டு நான்கு ஒன்று ஆறு மூன்று ஐந்து
யார் பின்னால் யார் என்பது
ஒவ்வோர் இழுப்பிலும் மாறும்.
காதை மட்டும் நம்பினால் பிந்திவிடுவாய்.
முன்னே போகிறவரின் கை இறங்குவதைப் பார்த்து
உன் கை இறங்கவேண்டும்.

ஆகவே ஹெட்டி ராய்ஸ்டனைப் பார்த்தாள்.
ராய்ஸ்டன் ஹெட்டியைப் பார்த்தார்.
வாரம் ஒன்றரை மணி நேரம்.
ஓயாமல் பேசும் தம்பதிகள்கூட
இவ்வளவு பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.
"நில்" என்றதும்
ஆளுக்கொரு சுவர்.

பிப்ரவரி: உள்ளங்கை வெடிப்பு. வேறில்லை.

ஏப்ரலில் ஜாக்டா காக்கைகள் ஜன்னல் வலையைக் கிழித்து
ஐந்தாம் மணிமேல் இரண்டு சாக்குச் சுள்ளி கொட்டின.
முட்டையிடுமுன் அள்ளியாகவேண்டும்.
பெவிஸ் மாட்டு மருத்துவர்,
தோள்வரை நீளும் கையுறையோடு வந்தார்.

ஜூனில் ஒரு கல்யாணம். மணமகளுக்கு நாற்பது நிமிடத் தாமதம்.
நாங்கள் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று
பாதிரியார் கண்ணால் கெஞ்சினார்.
மறுநாள் என்னால் டீ கோப்பையைத் தூக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஆயிரத்து இருநூற்று அறுபது மாற்றங்கள்,
நிறுத்தாமல், நாற்பத்தைந்து நிமிடம்.
நாற்பத்தோராவது நிமிடத்தில் நான் தொலைந்தேன்.
ஒரு குளவியைத்தான் பார்த்தேன், அவ்வளவே.
"நான்கு! இரண்டின் பின்னால் போ!"
கத்தினார் ராய்ஸ்டன்.
எண்கள் எவ்வளவு வசதி:
அவள் பெயரைச் சொல்லவேண்டியதில்லை.
போனேன். அதற்குள் அங்கே வேறு யாரோ இருந்தார்கள்.
எல்லாம் சரிந்தது.

நவம்பரில், போரில் செத்தவர்களின் ஞாயிறு.
நாக்குகளுக்கு ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டுவோம்.
ஓர் அடி இங்கே விழும்,
அடுத்த அடி வயலுக்கு அப்பால்.
சுவர்ப் பலகையில் பதினொரு பெயர்.
மூன்று யியோ. ஒரு லக்ஸ்டன்.

டிசம்பர் முப்பத்தொன்று. போகிற வருடத்துக்கும் அதே தோல்.
பன்னிரண்டடிக்குமுன் மணிகளை இறக்கி
மேலே ஏறி அவிழ்க்கவேண்டும்.
பெவிஸுக்கு முழங்கால். டாம்சினுக்கு எட்டாம் மாதம்.
ஆட்டிலீக்கு உயரம் ஆகாது.
என்னை யாரும் கேட்கவில்லை.
டார்ச் ஹெட்டியிடம் இருந்தது,
வாரை அவிழ்க்கும் சாமர்த்தியம் ராய்ஸ்டனிடம்.

கயிற்றுத் துளைகள் வழியே கீழே கேட்டது:
எதுவோ விழுந்து உருண்டது.
அவர் குரல். அவள் குரல், நீளமாக.
"சணல்" என்ற சொல் இரண்டு தடவை.
பிறகு வெகுநேரம் வெறும் காற்று.
ஆட்டிலீ கடிகாரத்தைப் பார்த்தாள்.
பிறகு ஒரு சிரிப்பு,
யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

தூசி படிந்த முடியோடு இறங்கி வந்தார்கள்.
மணிகளை ஏற்றினோம்.
பார்த்துக்கொள்ளுங்கள். போகிறாள். போய்விட்டாள்.
ஐந்து மணிகள் பளீரென்று புது வருடம் என்றன.
என்னுடையவள்
ஓர் அடி இங்கே,
ஓர் அடி வயலுக்கு அப்பால்.

நான்காம் மணியின் தோலை மறந்திருந்தார்கள்.

யாரும் "நில்" என்று சொல்லவில்லை.
நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்,
அவர்கள் இருவர் முகத்தையும் தவிர்த்து,
கைகளை மட்டும் பார்த்தபடி.