களையெடுக்காத பாத்தி

இருபத்து நான்கு பாத்திகள்.
எட்டு முறை, ஒவ்வொன்றும் மூன்று வரிசையில்.
கூக்கல்தொரைச் சரிவில் போஜன் அண்ணன்
ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுத்த கேரட் நிலம்.
குச்சிகளில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதினேன்.
முதல் மழையில் மூன்றும் எட்டும் ஒன்றுபோலாயின.

விதைத்த மூன்றாம் நாள் பெண்டிமெத்தலின்.
தெளிப்பான் முனையை முழங்கால் உயரத்தில் பிடித்துப்
பின்னோக்கி நடந்தேன்,
நனைந்த மண்ணை நானே மிதிக்காதபடி.
மருந்தின் மஞ்சள் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.
கோத்தகிரி பஸ்ஸில் சில்லறை வாங்கிய நடத்துநர்
"காமாலையா தம்பி? கீழாநெல்லி அரைச்சுக் குடி" என்றார்.
கீழ்நாட்டு வயல்களில் அதுவும் களைதான்.
சொல்லவில்லை.

ஏழாம் முறைக்கு மருந்து கிடையாது.
"கைக்களை, இருபதாம் நாள், நாற்பதாம் நாள்"
என்று திட்டத்தில் தட்டச்சாகியிருந்தது.
ஏழாம் முறை
டேன்டீ லயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும்.
பெயர் பேச்சாயி. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர்.
அவருடைய கொத்து தேய்ந்து தேய்ந்து
கரண்டி அளவாகியிருந்தது.

புளியாரையைக் கிள்ளமாட்டார்.
அடியில் ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகளோடு
மண்ணைத் தளர்த்தி எடுத்து, மடியில் கட்டி,
நிலத்தைத் தாண்டிய பிறகே உதறுவார்.
"ஒண்ணு தவறினா நாப்பது."
ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.
முப்பத்தேழு.
மருந்தடித்த பாத்திகளில் அது
இலை கருகிப் பதினெட்டு நாள் செத்துக் கிடந்தது,
பிறகு மும்மூன்று இலையாக எழுந்து உட்கார்ந்தது.

இரும்புச் சட்டம், கால் மீட்டருக்குக் கால் மீட்டர்.
கண்ணை மூடிக்கொண்டு எறிவேன்,
விழுந்த இடத்தில் எண்ணிப் பிடுங்கிப் பையில் போடுவேன்.
பருப்புக்கீரையை மட்டும் அக்கா கேட்டார்.
எழுபது டிகிரியில் உலர்த்தி எடை பார்க்கணும் என்றேன்.
"கீரையவா?"
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எட்டாம் முறையை விளக்கத்தான் திணறினேன்.
களையெடுக்காத பாத்தி.
"எவ்வளவு நஷ்டம்னு தெரியணும்க்கா."
"தெரிஞ்சதுதானே?"
"எழுதணும்."
கொத்தை மண்ணில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நாற்பதாம் நாளை ஒட்டி மலைச்சாலையில் மண் சரிந்தது.
ஐந்து நாள் கோவையில் மாட்டிக்கொண்டேன்.
திரும்பி வந்தபோது
மூன்றாம் வரிசையின் எட்டாம் பாத்தி
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் கிடந்தது.
நடுவில் கேரட் தழை மட்டும்,
நோஞ்சானாய், வெளிறி, வெயிலுக்குக் கண் கூசியபடி.

"பக்கத்துப் பாத்தியிலதான் இருந்தேன்.
ஏழு முடிஞ்சிருச்சு, பஸ்ஸுக்கு நேரம் இருந்திச்சு.
அதுக அப்படி நசுங்கிக் கிடக்கையில..."
முடிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குக் கூலி எழுதாதீங்க."

எழுதவில்லை. வவுச்சரில் அந்தக் கட்டம்
கையெழுத்தில்லாமல் இருக்கிறது.
பேராசிரியரிடம் போனில் சொன்னேன்.
திட்டு வரும் என்று காத்திருந்தேன்.
"விடுபட்ட பாத்திக்குச் சூத்திரம் இருக்கே,
மதிப்பிட்டுப் போட்டுரு" என்று வைத்துவிட்டார்.
போட்டேன். எண்ணுக்கு மேல் ஒரு நட்சத்திரம்,
அட்டவணையின் அடியில் பொடி எழுத்து.
அதில் பேச்சாயி என்ற சொல் இல்லை.

அறுவடை முடிந்து வரவுசெலவு போட்டபோது
மருந்துக்கு இரண்டு ஆள்.
கைக்களைக்கு ஹெக்டேருக்குத் தொண்ணூறு.
எது ஜெயிச்சுது என்று கேட்டார்.
மருந்து என்றேன்.
இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து
"அப்ப குனிய வேண்டாம்" என்றார்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு தடவையும் சொன்னார், வேறு குரலில்.

அந்தப் பாத்தியில் பதினொன்றரைக் கிலோ.
எந்தக் கட்டத்திலும் நான் ஏற்றாத எடை.
போஜன் அண்ணன் மற்றவற்றோடு கொட்டிக் கழுவி
மூட்டை தைத்தார்.
நட்சத்திரம் இல்லாமல்
இரவு லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனது.