நிகர எடை

குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும்போது ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்.
கழித்துச் சீட்டில் அடிப்பது என் வேலை,
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
பதினேழு வருஷமாக.

பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
எனக்கு மூச்சு முட்டவைத்த தண்ணீர்
இரண்டு கிலோ நானூறு.

செவ்வாய், வியாழன், சனி
தெலுக் இந்தானில் ஒரு கடைவீட்டு மாடி.
நான்காம் நாற்காலி. இரண்டு ஊசி. நான்கு மணி நேரம்.
எதிரே ஆ சோங், வாய் திறக்காமல்
குதிரைப் பந்தயத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருப்பார்.
கெண்டைக்கால் சுருட்டி இழுக்குமுன்பே
என் முகத்தைப் பார்த்து
மிஸ்ஸி நோர்லைலா மெஷினைத் தணித்துவிடுவாள்.
வீட்டுக்கு வந்து விழுவது
பிழிந்துபோட்ட துணி.

பிறகு புது மெஷின் வந்தது.
வயிற்றில் ஒரு குழாய். ராத்திரி நான் தூங்க,
அது நிரப்பும், வடிக்கும், கணக்கெழுதும்,
விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.
என்னைப்போல அதுவும் ஒரு கிராணி.

"எனக்கு வேணாம்லா" என்றார் ஆ சோங்.
"வீட்ல தனியா செத்தா
அது மட்டும்தான் கத்தும்."

எனக்குப் பகல் திரும்பக் கிடைத்தது.
முழுப் பகல்.
சனிக்கிழமை மீன் பாசார்.
அரைக் கிளாஸ் தே, கூடுதலாக,
குற்றவுணர்ச்சி இல்லாமல்.

ஹாலில் பாதி திரவப் பெட்டிகள்;
சூசை சோபாவை விற்றுவிட்டார்.
பூனை நாத்தனார் வீட்டில்.
விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து,
கழுவிய கையை மறுபடி கழுவி
முகமூடிக்குள் மூச்சடக்கி இணைக்கிறேன்.
குழாய் கக்கூஸ் வரை எட்டும்,
அடுப்படிக்கு எட்டாது.
மழை ராத்திரியில் கரண்டு போனால்
கொசுவலை ஆணியில் பையை மாட்டிவிட்டு
டார்ச்சோடு சூசை விழித்திருப்பார்;
ஆறு மணிக்கு அவருக்கு பாய்லர் ஷிஃப்ட்.

ஆகஸ்டில் ஒரு விரல் எங்கோ பட்டுவிட்டது.
வயிற்றுக்குள் நெருப்பு, பதினோரு நாள் வார்டு.
மெஷின் அன்றும்
கணக்கைச் சரியாகத்தான் அனுப்பியது.
முகம் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இடக்கையில் பழைய இணைப்பு
இன்னும் வண்டாக இரைகிறது.
அதை மூடவேண்டாம் என்று
நான்தான் கேட்டுக்கொண்டேன்.

வருஷத்துக்கொருமுறை ஓர் அதிகாரி வந்து
எங்கள் மேடையில் இரும்புக் கட்டிகளை அடுக்கி
சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்.
ஒரு பக்கம் முழுப் பகல்,
மறுபக்கம் அந்த ஆகஸ்ட்.
எந்தக் கட்டியை எதில் வைப்பது?

காலையில் வடிந்த பையை
வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி
பின்னால் நேற்றைய எடைச்சீட்டைப் பிடிக்கிறேன்.
எழுத்துத் தெரிந்தால் வேலைக்குப் போகலாம்.
மங்கினால் ஆஸ்பத்திரி.

லோரி நம்பர் தெரிகிறது.
மொத்தம் தெரிகிறது. வெற்று எடை தெரிகிறது.
நிகரம் அடித்த வரிக்கு வந்ததும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.