கயிறு 1.4

ஜனவரி.
ஔலுவில் சூரியன் அலுவலகத்துக்கு வந்து
கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு
மதியமே கிளம்பிவிடும் மாதம்.
காலணிப் பனியைத் தட்டிக்கொண்டே ராய்மோ சொன்னான்:
"கயிறு அறுந்துவிட்டது."

எந்தக் கயிறு?
திரையை என் பக்கம் திருப்பினான்.
துறைமுக விளையாட்டில் படகு கட்டும் கயிறு.
முந்நூறு வரியில் யாரோ எழுதிய மோட்.
இழுத்தால் விறைக்கும், விட்டால் தொய்யும்,
நனைந்தால் கனக்கும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எழுதியவர் நேற்றிரவு அதை எடுத்துவிட்டார்.
இன்று காலை
பாய்கள் ஏறவில்லை.
கிரேன்கள் மூட்டையை விட்டுவிட்டுக் காற்றைத் தூக்கின.
செபுவில் ஒரு பள்ளி மாணவன்
இரண்டு வருஷமாகக் கட்டிய மீன்சந்தை
ஏற்றத்தின் நடுவே உறைந்து நின்றது.
தேவை: கயிறு. கிடைக்கவில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் புகார்,
எல்லாவற்றிலும் அதே மூன்று சொல்.

எது எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று
தேடப் புறப்பட்டோம்.
1.2க்கு மேல்தான் வேண்டும் என்றது ஒன்று.
1.2க்குக் கீழ்தான் என்றது இன்னொன்று.
இரண்டையும் ஒரே படகில் ஏற்றக்கூடாது என்பது
படகு கவிழ்ந்த பிறகுதான்
எங்கள் இயந்திரத்துக்கு உறைக்கும்.
ஒருவர் விளக்கக் குறிப்பின் அடியில்,
படங்களுக்கும் நன்றிக்கும் கீழே,
"அப்புறம், கயிறும் வேணும் மக்களே" என்று
பேச்சுவாக்கில் விட்டிருந்தார்.
மனுஷருக்குக் கேட்கும்.
இயந்திரத்துக்கு அது காது கேளாத தூரம்.

யாஸ்னா பரியெந்தோஸ்.
புந்தா அரேனாஸ்.
மகெல்லன் நீரிணையைக் கடக்கும் படகில் வேலை;
நிஜக் கயிற்றை நிஜமாகவே கட்டி அவிழ்ப்பவள்.
எங்கள் இருட்டிலிருந்து
இரவு பத்து வரை வெளிச்சம் வடியாத அவள் ஊருக்கு
மின்னஞ்சல் போட்டோம்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
அவள் எழுதியது இது:

"பழைய மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு வருஷத்தில் பதினோரு பேர்தான்
இறக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் பக்கம் சொன்னது.
பதினோரு பேருக்கு எதற்குக் கயிறு என்று எடுத்தேன்.
தப்பா?"

பதினோரு பேர்.
வேறொன்று கேட்டதால் தானாக இறங்கியவை
கணக்கில் சேராது
என்ற அந்த ஒற்றை வரியைப் போய்ப் பார்த்தேன்.
தேதி இருந்தது. பெயர் இருந்தது.
என் பெயர்.

ராய்மோ ஒன்றும் சொல்லவில்லை.
காப்பி ஊற்றி என் முன்னால் வைத்தான்;
சொல்லியிருக்கலாம்.

எனக்கு யார் தேவை என்று எழுத
எல்லோருக்கும் இடம் வைத்திருந்தோம்.
நான் யாருக்குத் தேவை என்று பார்க்க
ஒருவருக்கும் வைக்கவில்லை.
அம்பு எல்லாம் ஒரே திசையில்.

ஆறு வாரம்.
அம்புகளைத் திருப்பியும் வரைந்தோம்.
முரண்படுபவை
ஏறுமுன்பே கரையில் நின்று சண்டை போடட்டும் என்றோம்.
எடுத்துவிடு என்ற பட்டனை அழுத்தினால்
இனி முதலில் ஒரு பட்டியல் விரியும்:
உன்மேல் நிற்பவர்கள்.
அதன்பிறகும் எடுக்கலாம், தடையில்லை.
புதிதாக யாரும் அதைக் கட்டிக்கொள்ள முடியாது,
ஏற்கெனவே கட்டியவர்களுக்கு முடிச்சு அவிழாது.

யாஸ்னா கயிறைத் திரும்ப ஏற்றினாள்.
மாற்றக் குறிப்பில் ஒரே வரி:
"உப்பில் கொஞ்சம் இறுகும், இப்போது சரி."
பட்டியலை அவள் பார்த்தாளா தெரியாது.
இரவு இரண்டு மணிக்கு அந்தப் பக்கத்தில்
நாற்பது நிமிஷம் யாரோ இருந்ததாக
சர்வர் சொல்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஒரு வழு மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.
ரீகாவில் அக்னேசே எழுதிய நங்கூரம்
வால்திஸ் எழுதிய படகைக் கேட்கிறது.
படகு நங்கூரத்தைக் கேட்கிறது.
நீ முதலில், நீ முதலில் என்று
வாசலிலேயே நிற்கின்றன இரண்டும்.
ஒரே வீட்டில் இருந்தபோது எழுதியவை.
யாராவது ஒருவர் ஒரு வரியை விட்டுக்கொடுத்தால் போதும்.
இருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டேன்.
பதில் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியாது என்று
மூடிவிடலாம் என்கிறான் ராய்மோ.
இருக்கட்டும் என்றேன்.