பிரசவப் பேரேடு, நாரின்

நாரின் ஆற்றில் பனிக்கட்டி உடையும் மாதம்.
மருத்துவமனையின் நிலவறையில்
பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு.
ஊதா மை, ருஷ்ய எழுத்து,
எலி கொறித்த ஓரங்கள்.
தாயின் பெயர், வயது, எத்தனையாவது பேறு,
ஆணா பெண்ணா, எடை கிராமில்.
நாளொன்றுக்கு நூற்றிருபது பிறப்புகள்
என் விரல்வழியே நடக்கின்றன,
ஒரு கூக்குரலும் இல்லாமல்.

பிஷ்கெக்கிலிருந்து வந்த டாக்டர் பெர்மெத்
மேலங்கியைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனார்:
தலைச்சன் பெரும்பாலும் கொஞ்சம் இளைத்துத்தான் பிறக்கும்.
அடுத்தது நூறு, நூற்றைம்பது கிராம் கூட இருக்கும்.
முதல் தடவை உடம்பு வழி வெட்டுகிறது,
மறு தடவை அதே வழியில் ரத்தம்
தடுமாறாமல் போய்ச் சேர்கிறது.
விதி என்று எழுதிவிடாதே,
ஒரு சாய்வு, அவ்வளவுதான்.
ஒரே தாயின் பிள்ளைகளை
ஒருவர் கீழ் ஒருவராக அடுக்கினால் தெரியும்.

அடுக்கினேன்.
கான்ஷாயிம்: மூவாயிரத்து நூறு,
பிறகு மூவாயிரத்து இருநூற்று அறுபது.
ஜுமாகுல்: நான்கு பிள்ளைகள் படியேறுகிறார்கள்,
ஐந்தாவது தடுக்கி விழுகிறது.
அது ஆடுகள் மந்தை மந்தையாய் உறைந்துபோன குளிர்காலம்.
ரக்கியாவுக்கு மூத்தது கனம், இளையது இறகு.
சாய்வு எங்கள் மலைகளிலும் இருக்கிறது,
எல்லாக் கல்லும் அதில் உருள்வதில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
ஊல்கான் என்ற பெயர் வந்தது.
என் அம்மா.

என் பெயர் துங்குச்.
எங்கள் மொழியில் அதற்குத் தலைச்சன் என்றே பொருள்.
தம்பி எசெனின் பள்ளிக் காலணியை
ஐந்து வருடம் நான்தான் துடைத்தேன்.
கெஞ்சேயின் கல்யாணத்தில்
வசவு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது.
மூத்தவள் என்றால் அப்படித்தான்.

எழுபத்து மூன்று, ஆகஸ்ட். பெண்.
மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
சிரித்துவிட்டேன்.
தலைச்சனாய்ப் பிறந்தும் எவ்வளவு கொழுப்பு எனக்கு!
எசென் என்னைவிட ஐம்பதே கிராம் கூட.

அப்புறம்தான் மூன்றாம் கட்டத்தைப் பார்த்தேன்.
எத்தனையாவது பேறு: 2.

மைப்புள்ளியோ என்று நகத்தால் சுரண்டினேன்.
இரண்டு இரண்டாகவே இருந்தது.

பின்னோக்கிப் புரட்டினேன்.
எழுபத்தொன்று, பிப்ரவரி.
ஊல்கான், பத்தொன்பது வயது, 1, பெண்,
இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு.
நேரான கோடு, அவசரமில்லாமல் போட்டது.

எனக்கு வழி வெட்டியவளே,
உன் பெயரைத்தான் இத்தனை வருடம்
நான் போட்டுக்கொண்டு திரிகிறேனா?
எனக்குக் கூடுதலாய்க் கிடைத்த
அறுநூற்றைம்பது கிராமை
எங்கே வைத்துக்கொள்வது?

வியாழக்கிழமை.
இறந்தவர்களுக்கு எண்ணெய் வாசனை போய்ச் சேர வேண்டுமென்று
அம்மா ஏழு அப்பம் பொரிக்கும் நாள்.
ஏழு முடிந்ததும்
மிஞ்சிய மாவில் எப்போதும் ஒரு சின்னது தட்டுவாள்.
சிறுமியாய் இருந்தபோதிலிருந்து அதை நான்தான் தின்கிறேன்,
மூத்தவளின் பங்கு என்று.

இந்த வாரம் நான் எடுக்கவில்லை.
அது தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
நிலவறையில் எனக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும்.
கரண்டியால் எண்ணெயை ஒருமுறை கிளறினாள்,
அதில் ஒன்றுமே இல்லாதபோதும்.

எவ்வளவு எழுதியிருக்கிறார்கள், என்றாள்.

சொன்னேன்.

இல்லை, என்றாள்.
அடுப்பை அணைத்தாள்.
துணியோடு நிறுத்தார்கள்.