மறுதொடக்கம் தேவை

குத்தாயிசியில் மழை. எட்டாவது மாடியில்
பிரௌசரின் ஒரே தாவலுக்குள்
மலைநாட்டு மருத்துவ நிலையங்கள் பதினைந்தையும்
விரித்து வைத்திருக்கிறேன்.
பச்சைப் புள்ளி என்றால் உயிரோடிருக்கிறது.
மஞ்சள் என்றால் வட்டில் இடமில்லை,
யாரோ கல்யாண வீடியோ ஏற்றியிருப்பார்கள்.

இரவு இரண்டு மணிக்கு அப்டேட்.
பதினான்கு பெட்டிகள் சொன்னபடி கேட்டன:
அணைந்து, எழுந்து, கடவுச்சொல் கேட்டு நின்றன.
உஷ்குலி மட்டும்
'பயனர் ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்றது.

மக்வாலா. இரவுப் பணி நர்ஸ்.
நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவள் கடவுச்சொல்லை மறக்கும் மாதங்களும்
மாத்திரைக் கணக்கில் தவறாமல் விட்டுவிடும் ஒரு வரிசையும்தான்.
அவள் திரையைத் திறந்தேன்.
விதிப்படி மூலையில் சிறு பட்டை ஒன்று தோன்றும்:
'நிர்வாகி பார்க்கிறார்.'
அதை யாரும் பார்ப்பதில்லை.

வெள்ளைத் தாளில் ஒரே வரி:
நான் வரவில்லை, தேமுர்.
சேமிக்கப்படாதது.

மறுதொடக்கம் என் சுட்டுவிரலுக்கு அடியில்.
ஒரு சொடுக்கு, வரி போய்விடும்,
தேமுருக்குத் தெரியாமல்,
எனக்கு மட்டும் தெரிந்து.
ஒத்திவை: பத்து நிமிடம்.
ஒத்திவை.

எங்கள் மொழியில் 'இல்லை' முன்னால் வரும்.
வினைக்கு முன்பே வந்து
வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.
அதை அழிக்க வேண்டுமென்றால்
பெயரைத் தாண்டி, வருவதைத் தாண்டி
எழுத்து எழுத்தாகப் பின்னால் நடக்க வேண்டும்.
நடந்தாள்.
இரண்டே எழுத்து அந்த 'இல்லை'.
அதன் ஓரத்தில் போய் கர்சர் துடித்தது,
துடித்துக்கொண்டே இருந்தது.
ஒத்திவை.

செயலியின் சூடு அறுபத்தொன்று.
வெளியே அவளுக்கு மைனஸ் பத்தொன்பது.
இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்
அவள் கை எங்கே இருக்கிறது என்று காட்ட
என் பலகையில் கட்டம் இல்லை.

மூன்று பன்னிரண்டுக்குப் புள்ளி சாம்பலானது.

காலை ஏழு ஐம்பதுக்குத்தான் பச்சை.
மின்சாரம் போய் வந்ததில்
பெட்டி தானே எழுந்து, அப்டேட்டையும் விழுங்கியிருந்தது.
தானியங்கி மீட்பில் ஒரு கோப்பு.
பெயரில்லை. பதினோரு கிலோபைட்.
திறக்க எனக்கு அனுமதி உண்டு.

அறிக்கையில் எழுதினேன்:
பதினைந்தும் நலம்.
உஷ்குலி ஏன் ஆறு மணி நேரம் தாமதம் என்றார் தெங்கிஸ்,
ஈரக் குடையை என் மேசையோரம் சாய்த்தபடி.
பனி, என்றேன்.