வண்டுக்கு ஐந்நூறு

ஒன்பதாயிரத்து நானூறு.
முந்திரி ஆபீசில் இரண்டு போனஸ்,
சீட்டுப் பணத்தில் மிஞ்சியது.
களியக்காவிளை தாண்டி
பாறசாலையில் இறங்கினேன்.

"ஆர்க்கா?" என்றான் கடைப்பையன்.
எனக்குத்தான்.
அவன் என் பின்னால் யாரையோ தேடினான்.

சிவப்பு ஒன்று பளபளத்தது. பதினாலாயிரம்.
அதில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன்.
கறுப்பு, எட்டரை. கழுத்தோரம்
ஃபிரெட் முனைகள் விரலைக் கீறின.
போகப் போகச் சரியாகுமாம்.
செருப்புக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மூலையில், யாரோ விற்றுப்போனது.
பழுத்த பப்பாளி நிறம்; முதுகில்
ஆணியால் கீறிய பெயர்: ஷைன்.
மரம் வாங்கும் ஆசாரியைப் போல
ஒற்றைக் கண் மூடிக் கழுத்தை நோக்கினேன்.
நேர்தான்.
ஐந்தாம் ஃபிரெட்டில் மட்டும் ஒரு வண்டு இரைந்தது.

"ஆறாயிரத்தி எழுநூறு."
"வண்டுக்கு ஐந்நூறு குறைக்கணும்."
சிரித்தான். குறைத்தான்.

"சேச்சி முன்னே வாயிச்சிட்டுண்டோ?"
என் விரல்நுனியைப் பார்த்துக் கேட்கிறான்.
இல்லை தம்பி,
அது கொட்டை எண்ணெய் தின்ற தோல்.

ஆம்ப் நாலாயிரம்.
கையில் மூவாயிரத்து இருநூறு,
அதில் வீட்டு வாடகையும் கொஞ்சம்.
இருக்கட்டும்.
நைட் ஷிப்ட் முடிந்து ஜெஸ்டஸ் தூங்கும்போது
பிளக் இல்லாத கிதார்
கொசு அளவுதான் பேசும்.

லக்கேஜ் டிக்கெட் போட்டார் கண்டக்டர்.
மடியில் வைத்துக்கொண்டேன்.
எல்லை செக்போஸ்டில் பஸ் நின்றது,
இன்ஜினை அணைக்காமல்.
யாரும் தொடாமலே
தடித்த கம்பி மட்டும்
உறைக்குள் முனகிக்கொண்டிருந்தது.