தொடர்ச்சிக் குறிப்பேடு

கொழும்பிலிருந்து ஊர்ந்து வந்த நீராவி எஞ்சின்
மல்லாகத்தில் மூச்சு வாங்கி நிற்கிறது.
எனக்குத் தந்த வேலை சின்னது:
எந்தக் கையில் குடை,
எத்தனை பொத்தான் பூட்டியிருந்தது,
முதல் டேக்கில் நிழல் எதுவரை வந்தது,
எழுதி வைக்க வேண்டும்.
படத்தில் வருஷம் ஐம்பத்திநாலு, காலை ஆறேகால்.
உண்மையில் பத்தரை.
வெயில் மண்டையைப் பிளக்கிறது.

கலை ஆட்கள் விடியவே வந்து
கொங்கிரீட் சிலிப்பர் கட்டைகளுக்குக்
காவி பூசின சாக்குப் போர்த்திவிட்டார்கள்,
ஒரு பகலுக்கு மரமாக இருக்கட்டும் என்று.
வேலிக்கு அப்பால் நின்று பார்த்த மனுசர்
(பெயர் பிறகு கேட்டேன், நாகமுத்து)
"பழைய தண்டவாளம் வேணுமோ தம்பி?
எங்கட மாட்டுக் கொட்டிலில ரெண்டு நிக்குது" என்றார்.
கலை இயக்குநர் ஓடிப்போய்ப் பார்த்தான்.
உண்மைதான். கொட்டிலின் நடுத்தூண்கள்.
ஒன்றின் விலாவில் ஏதோ இங்கிலாந்துக் கம்பனியின் பெயர்,
அதற்குக் கீழே கயிறு தேய்த்த வழுவழுப்பு.
எவ்வளவு தரட்டும் என்று கேட்டான்.
"எடுக்கலாம். கூரையை ஆர் பிடிக்கிறது?"
பசு ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு
வைக்கோலுக்குப் போய்விட்டது.

எஞ்சின்காரர் சோமதிலக்க
கிணற்றுத் தண்ணியை உள்ளங்கையில் ஏந்தி
நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார்.
"ஹுணு."
சுண்ணாம்பு. குழாய்க்குள் படியும், கொதிகலன் செத்துப்போகும்.
நாங்கள் பிறந்ததிலிருந்து இதைத்தான் குடிக்கிறோம் என்றேன்
எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில்.
என்னை மேலும் கீழும் பார்த்தார்,
எங்கே படிந்திருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி.
இரணைமடுவிலிருந்து பவுசர் வர
மூன்று மணித்தியாலம்.

இயக்குநர் அகிலேசுக்குக் கறுப்புப் புகைதான் வேண்டும்.
கறுப்பென்றால் எண்ணெய் சரியாய் எரியவில்லை,
அது ஓட்டுகிறவனுக்கு வெட்கம் என்றார் சோமதிலக்க.
கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.
எழும்பியது.
சந்தைப் பக்கமிருந்து
இரண்டு மோட்டார்சைக்கிள் பறந்து வந்தன,
என்ன எரியுது, எங்க எரியுது என்று.
மேடையில் நின்ற துணைநடிகர்களில் சிலர்
மேலே பார்க்கவேயில்லை.
பக்கத்தில் நின்ற பிள்ளையின் தோளைப் பிடித்தார்கள்,
அது ஆருடைய பிள்ளை என்று பாராமல்.
எழுதினேன்: டேக் இரண்டு. கைகள் மாறிவிட்டன.

டேக் மூன்றில் பெட்டிகள் குழப்பின.
வாடகைத் தகரப் பெட்டிகள், உள்ளே காற்று.
கோயிலுக்குப் பூக்கூடை கொண்டு போவதுபோல
வீசி வீசி நடக்கிறார்கள்.
"கனமாத் தூக்குங்கோ அக்கா, கனமா!"
ஒலிபெருக்கி கத்தியது.
முப்பத்தேழாம் நம்பர், இளவாலை றெஜினா,
ஒன்றும் பேசாமல் பாதையோரம் குந்தினா.
சல்லிக்கல்லை அள்ளி அள்ளிப்
பெட்டிக்குள் போட்டா.
மற்றவையும் குந்தினார்கள்.
ஸ்டேசன் மாஸ்ரர் ஓடிவந்தார்,
அது திணைக்களச் சொத்து, திரும்பக் கொட்ட வேணும் என்று.
றெஜினா பெட்டியைத் தூக்கிப் பார்த்தா,
தோள் ஒரு பக்கம் சரிந்தது.
"நல்ல கனம்" என்றா.
"பின்னேரம் இறக்கி வைக்கலாம்."

நாலாவது டேக் சரி.

ஐந்து மணிக்கு ஒளி முடிந்தது.
எஞ்சினைத் திருப்ப இங்கே வட்டமேடை இல்லை.
ஆகவே பின்பக்கமாகவே போகிறது கொழும்புக்கு,
முகம் எங்கள் பக்கம்.
சோமதிலக்கவின் தலை மட்டும்
ஜன்னலால் நீண்டு மற்றப் பக்கம் பார்க்கிறது.
கமரா மூடியாயிற்று, இது படத்தில் வராது.
ஆனாலும் எழுதினேன்.

சாக்குகளை உருவத் தொடங்கினார்கள்.
கொங்கிரீட் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.
வேலியடியில் இன்னும் நின்ற நாகமுத்து
ரெண்டு சாக்குத் தரேலுமோ என்று கேட்டார்,
மாரிக்கு மாட்டுக்குப் போர்க்க.
நனைஞ்சால் சாயம் போகுமோ எண்டும் கேட்டார்.